தண்டவாளத்தில் ஓடும் ஆலை வண்டிகளுக்கு வீல் கார்டு பொருத்துவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து வாராந்திரச் சோதனை வரை

சேலத்தில் தண்டவாளம் என்றால் சூரமங்கலம் ஜங்ஷனில் மட்டும் இல்லை. ஃபேப்ரிகேஷன் யார்டில் பீம் ஏற்றிப் போகும் டிரான்ஸ்பர் வண்டி, ரோலிங் மில்லில் பில்லட் என்னும் இரும்புக் கட்டைகளைச் சுமக்கும் வண்டி, வெள்ளைக்கல்லைச் (மேக்னசைட்) சுட்டு ஃபயர் பிரிக் செய்யும் ஆலையில் சூளை வண்டியைச் சுமந்து போகும் வண்டி, திறந்த வெளியில் கேன்ட்ரி கிரேன் என்று எல்லாமே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. இவற்றின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், சக்கரம் ஏறுவதற்கு முன்பே காலையோ கையையோ ஒதுக்கித் தள்ள ஒரு தகடு இருக்க வேண்டும். பட்டறையில் அதை வீல் கார்டு என்போம். பல இடங்களில் அது இருக்காது. இருக்கிற இடங்களிலும் தண்டவாளத்துக்கு மேல் இரண்டு விரல் உயரம் தூக்கி நிற்கும்.

அப்படித் தூக்கி நின்ற ஒரு கார்டு நான் பொருத்தியதுதான். 30 மி.மீ. இடைவெளி விட்டிருந்தேன். ஒரு ஹெல்பர் தம்பியின் ஷூ முனை அதன் அடியில் சொருகிக்கொண்டது. ஓட்டியவர் பட்டனிலிருந்து உடனே கையை எடுத்தார். இரண்டு விரல் நகங்கள் போயின, கால் பிழைத்தது. கார்டே இல்லாமல் இருந்திருந்தால் சக்கரம் வருவதைப் பார்த்துக் காலை எடுத்திருப்பான். தகடு இருக்கிறது, தள்ளிவிடும் என்று நம்பி நின்றான். அன்றிலிருந்து இந்த வேலையில் நான் முதலில் பார்ப்பது இடைவெளியைத்தான். கீழே உள்ள வரிசையும் அந்த இடைவெளியைச் சரியாகக் கொண்டுவருவதற்காக அமைந்ததே.

1. எந்த வண்டிக்குப் போடலாம், எதற்குக் கூடாது

உங்கள் ஆலைக்குள் மட்டும் ஓடுகிற, உங்களுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு மட்டும் போடுங்கள். சைடிங்குக்கு (சரக்கு இறக்கும் கிளைத் தண்டவாளம்) வரும் ரயில்வே வேகனில் ஒரு டேக் (சின்ன வெல்டுப் புள்ளி) கூட அடிக்கக் கூடாது. வேகனின் அடியில் என்ன, எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு ரயில்வேயின் அளவு வரம்பு இருக்கிறது. நாம் ஒட்ட வைக்கும் தகடு எங்கோ தண்டவாளம் பிரியும் பாயின்ட்டிலோ கிராஸிங்கிலோ மாட்டினால் விளைவு நம் யார்டோடு நிற்காது. வேகன் வந்தால் என்ன செய்வது என்பதை 12-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

டனல் சூளைக்குள் போகும் சூளை வண்டியிலும் அவசரப்படாதீர்கள். அதன் இரு பக்கமும் தொங்கும் தகடு மணல் தொட்டிக்குள் ஓடி, சூடு கீழே இறங்காமல் அடைக்கிறது. அங்கே ஒரு போல்ட் தலை நீட்டினால் போதும், வண்டி சூளைக்குள்ளேயே சிக்கிவிடும். அந்த ஆலைகளில் ஆள் அடிபடுவது பெரும்பாலும் சூளைக்கு வெளியே, டிரான்ஸ்பர் வண்டி குறுக்கே ஓடும் பாதையில்தான். அதனால் கார்டை டிரான்ஸ்பர் வண்டிக்குப் போடுங்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

10 மி.மீ. எம்.எஸ். தகடு, பிராக்கெட்டுக்கு 75 மி.மீ. ஆங்கிள், எம்16 போல்ட் நட் ஸ்பிரிங் வாஷரோடு, பழைய கன்வேயர் பெல்ட் துண்டு, அதை இறுக்கிப் பிடிக்க ஃபிளாட் பட்டி. கன்வேயர் பெல்ட் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஜல்லி கிரஷரில் கழித்துப் போட்டது 10 அல்லது 12 மி.மீ. கனத்தில் கிடைக்கும், அதுவே நல்லது.

அளவெடுக்க ஸ்டீல் ரூல், ஒரு மீட்டர் நேர்ப்பட்டி, சாக்பீஸ், கடப்பாரை, கெட்டியான பேக்கிங் அட்டை. இவற்றோடு முக்கியமாக 8 மி.மீ. கனமுள்ள ஃபிளாட் துண்டு இரண்டு. இடைவெளி வைக்கும்போது இவைதான் உங்கள் அளவுகோல்.

நாலு மரக் கட்டைகள், ஒரு பூட்டு, ஒரு பலகை. இவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வெல்டிங் செட்டை முதலில் இழுத்து வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

3. பூட்டு, கட்டை, அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்

வண்டியிலிருந்து சுமையை இறக்குங்கள். ஐசோலேட்டரை (மெயின் சுவிட்ச்) அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சக்கரத்துக்குக் கீழே கை விடப்போகிற ஆள் தன் பையில் வைத்துக்கொள்ளட்டும். மேஸ்திரியிடமோ எலக்ட்ரீஷியனிடமோ கொடுக்க வேண்டாம். கை யாருடையதோ, சாவியும் அவரிடமே இருக்க வேண்டும். பேட்டரி வண்டியாக இருந்தால் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.

பிறகு இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும், முன்னும் பின்னுமாக மரக் கட்டையை ஆப்பு போல இறுக்கிக் கொடுங்கள். பிரேக் பிடித்திருக்கிறது, எதற்குக் கட்டை என்று கேட்பார்கள். பிரேக் மோட்டார் பக்கம் இருக்கிறது. நடுவில் கியர்பாக்ஸ், கப்ளிங், ஷாஃப்ட்டைப் பிடிக்கும் கீ எல்லாம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விட்டாலும் சக்கரம் சுதந்திரமாக உருளும். கட்டை சக்கரத்தையே பிடிக்கிறது.

செங்கல்லையோ கல்லையோ கொடுக்காதீர்கள். ஃபயர் பிரிக் ஆலைகளில் கைக்கெட்டிய செங்கல்லைச் சொருகுவது பழக்கமாகவே இருக்கிறது. சுட்ட செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், விளிம்பில் வரும் நெருக்கலைத் தாங்காது. பொடிந்துவிட்டால் வண்டி நகர்ந்த பிறகுதான் தெரியும்.

கேன்ட்ரி கிரேன் என்றால் இன்னொரு விஷயம். அதே தண்டவாளத்தில் இரண்டாவது கிரேன் இருக்கலாம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, 29-ஆம் பிரிவில், கிரேன் பாதையில் ஆள் வேலை செய்தால் கிரேன் அந்த இடத்துக்கு 6 மீட்டருக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னது. வாயால் சொல்லி வைத்தால் போதாது. 6 மீட்டருக்கு அப்பால் தண்டவாளத்தில் கிளாம்ப் ஸ்டாப்பர் போட்டுவிட்டு இறங்குங்கள்.

4. தண்டவாளம் முழுவதையும் நடந்து பாருங்கள்

எல்லோரும் வண்டி நிற்கிற இடத்தில் அளவெடுத்து, அங்கேயே கார்டு செய்துவிடுவார்கள். மறுநாள் வண்டி ஓடும்போது நாற்பதாவது அடியில் ஒரு ஜாயின்ட்டில் இடித்து கார்டு வளையும். உடனே மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். கார்டு தூக்கி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். செய்தவர் கெட்டிக்காரர்தான், பாதையைப் பார்க்காமல் விட்டார்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாக்பீஸோடு நடங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நேர்ப்பட்டியை வைத்து ஒரு தண்டவாளம் மற்றதைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் படி இருந்தால் அங்கேயே வட்டம் போடுங்கள். அதைக் கிரைண்டர் பிடித்துச் சரிவாக்க வேண்டும், அல்லது அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுத்துத் தூக்க வேண்டும். பாதை கெட்டிருந்தால் பாதையைத்தான் சரி செய்ய வேண்டும். அதற்காகக் கார்டை உயர்த்தினால், குறையைக் கால் மேல் ஏற்றுகிறோம்.

தண்டவாளத்தின் மேல் என்ன படிகிறது என்றும் பாருங்கள். வெள்ளைக்கல் ஆலையில் மாவு போல வெள்ளைத் தூள் படியும். வறண்டிருந்தால் துடைத்தாலே போய்விடும். மழைத் தூறலில் நனைந்து காய்ந்தால் சிமென்ட் போல இறுகி 5 மி.மீ. மேடு கட்டும். ரோலிங் மில்லில் சூடான இரும்பிலிருந்து உதிரும் செதில் (ஸ்கேல்) விழும், ஃபேப்ரிகேஷன் யார்டில் வெல்டிங் ராடு துண்டு கிடக்கும். இவற்றைத் தினமும் யார் கூட்டுவது என்று இந்தக் கட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்து, தண்டவாளம் தரைக்கு மேல் நிற்கிறதா, கான்கிரீட்டோடு சமமாகப் புதைந்திருக்கிறதா? மேலே நிற்பதென்றால் கார்டு தண்டவாளத்தின் இரு பக்கமும் கொஞ்சம் கீழே இறங்கலாம். புதைந்திருந்தால் தரைக்குக் கீழே போக வழியில்லை. சக்கர விளிம்பு ஓடும் பள்ளத்தை மட்டும் பெல்ட் துண்டால் மூடலாம். பாதையில் டர்ன் டேபிளோ கிராஸிங்கோ இருந்தால், மேலே நிற்கும் தண்டவாளமாக இருந்தாலும், இரும்பை இறக்காதீர்கள். அங்கேயும் பெல்ட்தான்.

5. சக்கரத்தையும் அதன் ஆட்டத்தையும் அளப்பது

மூன்று அளவுகள் வேண்டும். சக்கரத்தின் விட்டம், தண்டவாளத் தலையின் (சக்கரம் உருளும் மேல்பகுதி) அகலம், பக்கவாட்டு ஆட்டம்.

தலை அகலத்தை ரூல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பழைய ரயில்வே தண்டவாளம் வாங்கிப் போட்டிருப்பார்கள். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்துக்குத் தலை 67 மி.மீ., உயரம் 156 மி.மீ. 60 கிலோ என்றால் தலை 72, உயரம் 172. ஆனால் தேய்ந்ததைத்தான் விற்கிறார்கள், புத்தக அளவை நம்ப முடியாது.

பக்கவாட்டு ஆட்டத்தைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. சக்கர விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே எப்போதும் இடம் இருக்கும். அந்த அளவுக்கு வண்டி இடமும் வலமும் போய்வரும். சுமை இல்லாத வண்டியைக் கடப்பாரையால் நெம்பி ஒரு பக்கம் தள்ளி ஒரு கோடு போடுங்கள். மறுபக்கம் தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் மொத்த ஆட்டம். நெம்பும் நேரத்துக்கு மட்டும் கட்டையைக் கால் அங்குலம் தளர்த்துங்கள், எடுத்துவிட வேண்டாம்.

விட்டத்தை ஏன் குறித்து வைக்க வேண்டும்? சக்கரம் தேயும். 400 மி.மீ. சக்கரம் 390 ஆனால் வண்டி 5 மி.மீ. கீழே இறங்கும், கார்டும் அதோடு சேர்ந்து இறங்கும். 8 மி.மீ. வைத்த இடைவெளி 3 ஆகிவிடும். வண்டி ஓட ஓட இந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும். பிராக்கெட்டில் நீள்துளை வைப்பது இதற்காகத்தான்.

6. தகட்டின் வடிவம்

கார்டின் வேலை இடிப்பது இல்லை, ஒதுக்குவது. மாட்டு வண்டிச் சக்கரம் ஏறுவதற்கு முன்னால் ஒரு பலகை காலைப் பக்கத்தில் ஒதுக்கித் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் ஒதுக்குகிறது என்பதுதான் கேள்வி. வெளிப்பக்கம்தான் ஒதுக்க வேண்டும். உள்பக்கம் ஒதுக்கினால் ஆள் வண்டிக்கு அடியில் போவான்.

அதற்கு, மேலிருந்து பார்க்கும்போது தகடு சாய்வாக நிற்க வேண்டும். உள்முனை முன்னால், வெளிமுனை பின்னால். தண்டவாளத்தோடு 45 டிகிரிக்கு அருகில் வைத்தால் நன்றாக வழுக்கிவிடும். இடம் இல்லாத வண்டிகளில் 60 வரை போகலாம். 90 டிகிரியில் நேராக வைத்தால் கால் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு முன்னால் தள்ளப்படும், ஆள் விழுவான்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். சக்கரம் வளைந்திருப்பதால் அதோடு ஒட்டி அழகாக இருக்கட்டும் என்று தகட்டின் அடியைப் பின்னால் தள்ளி, மேல்முனை முன்னால் சாயும்படி வைப்பார்கள். இது ஆபத்தான தவறு. முன்னால் சாய்ந்த தகடு எதிரே வருவதைக் கீழே அமுக்கி உள்ளே இழுக்கும். செங்குத்து, இல்லையென்றால் அடி கொஞ்சம் முன்னால். வேறு எப்படியும் வேண்டாம்.

செங்குத்தாக வைத்தால் தகட்டுக்கும் சக்கர வளைவுக்கும் நடுவே கீழே ஒரு முக்கோண இடம் திறந்து கிடக்கும். பக்கத்திலிருந்து கையோ காலோ அதற்குள் போகலாம். அதனால் வெளிப்பக்கம் சக்கரத்தின் முகத்தை ஒட்டி ஒரு பக்கத் தகடு வேண்டும். முன் தகட்டையும் சக்கரத்தையும் எவ்வளவு நெருக்கி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. சக்கரத்துக்கும் தகட்டுக்கும் 20 மி.மீ. போதும். நெருக்கமாக இருந்தால், தண்டவாளம் எங்காவது மேடாக இருக்கும்போது கார்டு உரசுவதும் குறையும். சக்கரம் மேட்டில் ஏறும்போதே கார்டும் சேர்ந்து ஏறிவிடும்.

இப்போது அட்டையை எடுங்கள். தகட்டை நேரடியாக வெட்டாதீர்கள். சாய்வாக நிற்கும் தகட்டில் தண்டவாளத் தலை நுழைவதற்கான வாய் (வெட்டு) நேராக அளந்ததைவிட அகலமாக வரும். அதைக் கணக்குப் போட்டு வெட்டியவர்களில் பாதிப் பேர் இரண்டாவது தகடு வெட்டியிருக்கிறார்கள். அட்டையை அதே சாய்வில் பிடித்து, தலையைக் குறித்து, கத்தியால் வெட்டிப் பொருத்திப் பாருங்கள்.

வாயின் அகலம்: தலை அகலம், அதோடு இரு பக்கமும் அந்தப் பக்க ஆட்டம், மேலும் 10 மி.மீ. 67 மி.மீ. தலை, பக்கத்துக்கு 8 ஆட்டம் என்றால் நேராக அளக்கும்போது 67, 18, 18, மொத்தம் 103. தலைக்கு இரு பக்கமும் தகடு 25 மி.மீ. கீழே இறங்கினால் போதும். அதற்குக் கீழே போனால் இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டின் போல்ட்டுகள் வரும்.

7. வெட்டுவதும் துளைப்பதும்

10 மி.மீ. தகடு 20 டன் வரை உள்ள வண்டிகளுக்கு எனக்குச் சரியாக இருந்திருக்கிறது, பின்னால் ஒரு கஸெட் (முட்டுத் தகடு) கொடுத்தால். 5 மி.மீ. தகட்டில் செய்து தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். முதல் இடியிலேயே மடங்கி சக்கரத்துக்கு அடியில் போகும். மடங்கின கார்டு வண்டியைத் தடம்புரளச் செய்யும்.

கட்டிங் செட்டில் வெட்டிய ஓரத்தைக் கிரைண்டரால் மழுக்குங்கள். அடிவிளிம்பு கத்தி போல இருந்தால் காலை ஒதுக்கும்போதே கிழித்துவிடும்.

பிராக்கெட்டில் துளை 18 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம், மேலும் கீழுமாக நீண்டது. ஒரு கார்டுக்குக் குறைந்தது நாலு போல்ட். நீள்துளைக்கு ஒரு பலவீனம் உண்டு. இடி வாங்கினால் தகடு துளைக்குள் வழுக்கி மேலே ஏறிக்கொள்ளும். யாருக்கும் தெரியாமல் இடைவெளி 8 என்பது 30 ஆகியிருக்கும். அதனால் தகட்டின் மேல்விளிம்பில் முட்டும்படி பிராக்கெட்டில் ஒரு நட்டை வெல்டு செய்து, மேலிருந்து கீழே அமுக்கும் ஒரு போல்ட் வையுங்கள். தகடு மேலே போக முயன்றால் அது தடுக்கும்.

8. வெல்டிங்: எர்த் எங்கே என்பதுதான் முக்கியம்

பிராக்கெட்டை வண்டியின் சேஸிஸில் வெல்டு செய்கிறோம். எர்த் கிளாம்பை எங்கே பிடிக்கிறீர்கள்? வசதியாக இருக்கிறதென்று தண்டவாளத்தில் பிடித்தால் கரன்ட் சேஸிஸிலிருந்து ஆக்ஸில், பேரிங், சக்கரம் வழியாகத்தான் தண்டவாளத்துக்குப் போகும். பேரிங் உருளைகளுக்கு நடுவே பொறி பறந்து சின்னச் சின்னக் குழி விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் கடகடவென்று சத்தம் வரும். பேரிங் கம்பெனியைக் குறை சொல்லி மாற்றுவார்கள்.

வெல்டு வைக்கிற இடத்துக்கு ஒரு அடிக்குள், அதே சேஸிஸ் தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு எர்த் பிடியுங்கள். வண்டியில் டிரைவ் பேனல் இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் டேக் மட்டும் அடியுங்கள். கார்டைத் தொங்கவிட்டு எல்லா இடைவெளியும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு முழு வெல்டு. முழுதாக வெல்டு அடித்துவிட்டு, கோணல் என்று வெட்டி எடுத்தால் சேஸிஸ் தகடு புண்ணாகிவிடும்.

9. இடைவெளி வைப்பது

8 மி.மீ. ஃபிளாட் துண்டு இரண்டையும் தண்டவாளத்தின் மேல் வையுங்கள். போல்ட்டுகளைத் தளர்த்தி, தகட்டை அந்தத் துண்டுகளின் மேல் உட்கார விடுங்கள். போல்ட்டை இறுக்குங்கள், மேல் போல்ட்டை முட்டும் வரை இறக்குங்கள். துண்டுகளை உருவுங்கள். கையால் இழுத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும்.

ஏன் 8? தண்டவாளத்தின் மேல் வைத்த விரலின் கனம் 12 முதல் 15 மி.மீ. இருக்கும். ஷூவின் அடிப்பகுதி 25 மி.மீ.க்கு மேல். 10-க்குள் இருந்தால் இரண்டும் உள்ளே போகாது, ஒதுக்கித்தான் தள்ளப்படும். 20, 30 என்று போனால் விரல் நுழையும், ஷூ நுனி நுழையும், தகடே கத்தரிக்கோல் ஆகும். 5-க்குக் கீழே வைத்தால் ஒவ்வொரு தூசிக்கும் உரசி, ஒரு வாரத்தில் ஆத்திரத்தில் யாரோ கழற்றிப் போடுவார்கள்.

சேஃப்டி ஷூ போட்டிருக்கிறோமே என்று ஒரு அண்ணன் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. ஷூவின் முன் இரும்புத் தொப்பியை 200 ஜூல் இடிக்கும், 15 கிலோநியூட்டன் அமுக்கத்துக்கும் சோதிக்கிறார்கள். 15 கிலோநியூட்டன் என்பது சுமார் ஒன்றரை டன். 20 டன் வண்டிக்கு நாலு சக்கரம், ஒரு சக்கரத்தில் 5 டன். அந்தத் தொப்பி தட்டையாகி உள்ளே இருக்கும் விரலை நசுக்கிவிடும். மேலிருந்து விழும் போல்ட்டுக்கு ஷூ. சக்கரத்துக்குக் கார்டு.

கடைசியாகப் பெல்ட் துண்டைத் தகட்டின் முன்னால் வைத்து ஃபிளாட் பட்டியால் இறுக்குங்கள். அடி தண்டவாளத்துக்கு 2, 3 மி.மீ. மேலே நிற்கட்டும். வாயின் இரு பக்கமும் இருந்த 18 மி.மீ. இடுக்கையும் அது மூடிவிடும். சூடான பில்லட் ஓடும் வண்டியில் மட்டும் பெல்ட் வேண்டாம், தீப்பிடிக்கும்.

இதே வேலையை வண்டியின் மறுமுனையிலும் செய்யுங்கள். வண்டி இரண்டு பக்கமும் ஓடுகிறது. முன்பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போன இடங்கள் எத்தனையோ.

10. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே

தண்டவாளங்களுக்கு நடுவில் நிற்கிறவனுக்குச் சக்கர கார்டு உதவாது. வண்டியின் முழு அகலத்துக்கும் முன்னால் ஒரு தொங்கு தகடு வேண்டும், தரை எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு தாழ்வாக. அதன் முன்னால், தொட்டால் மோட்டாரை நிறுத்தும் பம்பர் பட்டி வைக்க முடிந்தால் வையுங்கள். நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 33 செ.மீ. வந்துவிடும். ஓட்டுகிறவர் சுமையைப் பார்த்துக்கொண்டிருப்பார், தரையைப் பார்க்க மாட்டார்.

11. சோதனை ஓட்டம்

பழைய சேஃப்டி ஷூ ஒன்றில் மணலை அழுத்தி நிரப்பிக் கட்டுங்கள். ஒரு ரப்பர் கையுறையிலும் அப்படியே. ஷூவைத் தண்டவாளத்தின் மேல் குறுக்கே வைத்து, வண்டியை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். எல்லோரும் பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஷூ வெளிப்பக்கம் வழுக்கிப் போகிறதா? உள்ளே சாய்கிறதா? தகட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா? பத்து முறை செய்யுங்கள். முனையைத் தண்டவாளத்தில் வைத்து, குதிகாலை வைத்து, படுக்க வைத்து, உள்பக்கத்தில் வைத்து. கையுறையைத் தட்டையாக விரித்து வையுங்கள். அதன் விரல் நுனி ஒன்று நசுங்கினாலும் இடைவெளியைத் திரும்ப வையுங்கள்.

போன வெயில் காலத்தில் ஒரு யார்டில் இதைச் செய்யும்போது ஏழாவது முறை ஷூவின் நாடா கார்டின் பக்கத் தகட்டில் ஒரு போல்ட் தலையில் சிக்கி, ஷூ சக்கரத்தை நோக்கித் திரும்பியது. ஆறு முறை நன்றாகப் போனதைப் பார்த்து நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்காது. வெளியே நீட்டிய போல்ட் தலைகளை எல்லாம் உள்பக்கம் திருப்பிப் போட்டோம்.

யாருடைய காலையும் வைத்துச் சோதிக்காதீர்கள். "வேகம் கம்மிதானே, வெச்சுக் காட்டறேங்ணா" என்று ஒரு இளைஞன் எங்கும் இருப்பான். ஷூவையும் கையுறையையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் அவனுக்கு அந்த எண்ணமே வராது.

பிறகு பாதை முழுவதும் முழுச் சுமையோடு ஒரு முறை, வெறுமையாக ஒரு முறை. உரசும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். 4-ஆம் பகுதியில் வட்டம் போட்ட இடங்களோடு அவை பொருந்தினால் தண்டவாளத்தைச் சரி செய்யுங்கள். புது இடமாக இருந்தால் சேஸிஸ் சுமையில் வளைகிறது என்று அர்த்தம்.

12. சைடிங்குக்கு ரயில்வே வேகன் வந்தால்

செவ்வாய்ப்பேட்டை கூட்ஸ் ஷெட்டாக இருக்கட்டும், உங்கள் ஆலையின் சொந்த சைடிங்காக இருக்கட்டும், வேகன் சக்கரத்துக்குக் கார்டு கிடையாது. அங்கே ஒரே வழி, சக்கரம் உருளாமல் பார்ப்பது.

இன்ஜின் கழன்ற வேகன் பிரேக் பிடித்த நிலையில்தான் நிற்கும். ஆனால் அதைப் பிடித்து வைத்திருப்பது காற்று. காற்று கசியும், சில மணி நேரத்தில் பிரேக் தளர்ந்துவிடும். அதனால் வேகனின் கை பிரேக் சக்கரத்தைச் சுற்றி இறுக்கி, சக்கரங்களுக்கு மர ஆப்பு கொடுத்து, சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். இது ரயில்வே ஊழியர் செய்கிற வேலை. செய்துவிட்டார்களா என்று கேட்டு, கண்ணால் பார்த்த பிறகு ஆட்களை இறக்குவது உங்கள் வேலை.

தரை மட்டமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஸ்டேஷன் யார்டில் 400-க்கு 1 வரை சரிவு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தச் சரிவில் 80 டன் வேகனை 200 கிலோ விசை கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. வேகனில் இருப்பது ரோலர் பேரிங், உருண்டு போக அதுவே போதும்.

மதியம் இரண்டு மணி வெயிலில் மூட்டை தூக்குகிறவர்கள் நிழலைத் தேடி வேகனுக்கு அடியில் துண்டை விரித்துச் சோறு தின்பார்கள். சித்திரை மாதத்தில் சேலத்தில் யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்? திட்டிப் பயனில்லை. பத்து மீட்டர் தள்ளி ஒரு தகரக் கூரையும் தண்ணீர்க் குடமும் வையுங்கள். நான் பார்த்த வரை ஆட்களை வேகன் அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தது அது ஒன்றுதான். இரண்டு வேகன்களுக்கு நடுவே கப்ளரைத் தாண்டிப் போவதையும் தடுக்க வேண்டும். மறுமுனையில் இன்ஜின் வந்து தட்டினால் அந்த இடி முழு ரேக்குக்கும் (கோத்து நிற்கும் வேகன் வரிசை) ஓடும். மேலே மின்கம்பி இருந்தால் அதில் 25,000 வோல்ட். வேகன் கூரையில் யாரும் ஏறக் கூடாது.

13. வாராவாரம் பார்ப்பது

கார்டு பொருத்திய நாளில் போல்ட், நட், தகடு மூன்றையும் தொடும்படி மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

6 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு, 10 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு. இரண்டையும் ஒரு சின்னச் சங்கிலியில் கோத்து வண்டியின் கைப்பிடியிலேயே தொங்க விடுங்கள். 6 தகட்டின் அடியில் நுழைய வேண்டும், 10 நுழையக் கூடாது. ஸ்கேல் வைத்துப் படிக்கத் தெரியாத புது ஆளும் இதைப் பார்த்துச் சொல்லிவிடுவான். 6 நுழையவில்லை என்றால் சக்கரம் தேய்ந்திருக்கிறது, கார்டை ஏற்றுங்கள். 10 நுழைந்தால் எங்கோ இடி வாங்கியிருக்கிறது. வண்டியை நிறுத்தி, எந்த இடத்தில் இடித்தது என்று பாதையை நடந்து பாருங்கள். கண்டுபிடிக்காமல் கார்டை மட்டும் இறக்கி வைத்தால் அடுத்த திங்கட்கிழமையும் 10 நுழையும்.